கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு உண்மையில் எத்தனை மணித்தியாலப் பயணம்?

கேள்வி: டிக்கோயாவிலிருந்து ஒரு மகன்

அனைவருக்கும் வணக்கம். எதிர்வரும் ஜூலை மாதம் என் தாயார் கனடாவிலுள்ள என் தங்கையிடம் செல்லவிருக்கிறார். அவருக்கு வயது 67. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். விமானத்தில் ஏறுவது இதுவே முதல் தடவை, அதுவும் தனியாக. பயணச்சீட்டு கைக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, இது எத்தனை மணித்தியாலப் பயணம் என்பதுதான்.

சீட்டின்படி அம்மா இரவு 10.00 மணிக்குக் கட்டுநாயக்கவில் புறப்பட்டு, அதிகாலை 1.10க்கு டுபாயில் இறங்கி, 3.30க்கு அடுத்த விமானத்தில் ஏறி, காலை 9.30க்கு ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தை அடைய வேண்டும். இரவு பத்துக்கும் மறுநாள் காலை ஒன்பதரைக்கும் இடையில் பதினொன்றரை மணித்தியாலமே இருக்கிறது. ஆனால் அதே சீட்டில் மொத்தப் பயண நேரம் 21 மணித்தியாலம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். தூரம் கணிக்கும் இணையத்தளம் ஒன்று, இரண்டு நிலையங்களுக்கும் இடையில் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர் என்கிறது. விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் என்று வைத்து வகுத்தால் பதினைந்தரை மணித்தியாலம் வருகிறது. திரும்பி வரும் சீட்டைப் பார்த்தால், பிற்பகல் 2.00 மணிக்கு அங்கே ஏறி மறுநாள் இரவு 8.20க்கு இங்கே இறங்குவதாக இருக்கிறது. அது முப்பது மணித்தியாலத்தையும் தாண்டுகிறது.

வெறும் ஆவலுக்காக இதைக் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம் உண்டு, காலை 7.00 மணிக்கும் மாலை 7.00 மணிக்கும் இன்சுலின் ஏற்றிக்கொள்கிறார். எந்தக் கணக்கை நம்பி அவருடைய சாப்பாட்டையும் மருந்தையும் ஒழுங்கு செய்வது? டுபாய் வழியாகப் போவதால் வீணாகச் சுற்றிப் போகிறாரா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: புவியியல் ஆசிரியர், தலவாக்கலை

தம்பி, நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் அனைத்தும் சரியானவையே. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை அளப்பதால்தான் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. நேரக் கணக்கைப் பயணச்சீட்டுத் தொழிலில் இருப்பவர் யாராவது விளக்கட்டும். நான் தூரத்தைச் சொல்கிறேன்.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் இலங்கையிலிருந்து ரொறன்ரோவுக்கு அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தால் அது அரபிக் கடல், சகாரா பாலைவனம், அத்திலாந்திக் சமுத்திரம் என்று மேற்கு நோக்கிப் போகும். பூமி உருண்டை என்பதால் அந்தக் கோடு குறுகிய வழி அல்ல. பாடசாலையில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைக் கட்டுநாயக்கவிலும் மறு முனையை ரொறன்ரோவிலும் வைத்து, தொய்வில்லாமல் இழுத்துப் பாருங்கள். நூல் இலங்கையிலிருந்து ஏறக்குறைய வடக்கு நோக்கியே எழும்; மேற்குப் பக்கம் சற்றுத்தான் சாய்ந்திருக்கும். மேற்கு இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, பின்லாந்தின் வட பகுதி, கிரீன்லாந்து ஆகியவற்றைக் கடந்து, கனடாவுக்குள் வடக்கிலிருந்து இறங்கும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்ரிமீற்றர் ஏறக்குறைய 425 கிலோமீற்றருக்குச் சமம். நூலின் நீளம் 33 சென்ரிமீற்றர் அளவில் வரும். பெருக்கினால் உங்கள் இணையத்தளம் சொன்ன 14,000 கிலோமீற்றர் கிடைத்துவிடும். அந்தத் தளங்கள் இரு நிலையங்களின் அகலாங்கு, நெட்டாங்குகளைக் கொண்டு இதையே கணிக்கின்றன. விமானம் உண்மையில் எந்த வழியில் பறக்கிறது என்பது அவற்றின் கணக்கில் இல்லை.

அடுத்தது, வீணாகச் சுற்றிப் போகிறாரா என்ற கேள்வி. டுபாய்க்கு 3,290, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 11,080, மொத்தம் 14,370 கிலோமீற்றர். நேர்க்கோட்டைவிட 400 கிலோமீற்றர்கூட அதிகமில்லை. லண்டன் ஹீத்ரோ வழியாகப் போனால் 8,710 உடன் 5,700 சேர்ந்து 14,410. இஸ்தான்புல் வழியாகப் போனால் 14,470 அளவில் வரும். வரைபடத்தில் ஒன்றுக்கொன்று இவ்வளவு விலகித் தெரியும் மூன்று நகரங்களும், தூரத்தைப் பொறுத்தவரை நூறு கிலோமீற்றர் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கிழக்குப் பக்கமாக ஹொங்கொங் வழியாகப் போனால்தான் 16,500 கிலோமீற்றரைத் தாண்டும். ஆகவே டுபாய் என்பது நல்ல தெரிவே.

இடையில் நிற்காமல் 14,000 கிலோமீற்றர் பறக்கக்கூடிய விமானங்கள் இன்று இருக்கின்றன. சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் இடையில் 15,300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை ஒரே மூச்சில் கடக்கும் சேவை நடைபெறுகிறது. கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் அப்படியொரு சேவை இல்லாததற்குப் பயணிகளின் தொகையே முதற் காரணம் என்பது என் கருத்து. வான்வெளியும் ஒரு காரணம். நூல் ரஷ்யாவுக்கு மேலாகப் போகிறது. கனடாவும் ரஷ்யாவும் 2022ஆம் ஆண்டிலிருந்து ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வான்வெளியை மூடி வைத்திருக்கின்றன.

அதேபோல டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு நூல் பிடித்தால் அது ஈரான், கருங்கடல், உக்ரேன், பால்டிக் கடல், ஐஸ்லாந்தின் தென்புறம் என்று செல்கிறது. உக்ரேனின் வான்வெளி 2022 பெப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால் விமானம் அங்கே விலகித்தான் போக வேண்டும். எனவே அம்மா உண்மையில் கடக்கப்போகும் தூரம் 14,370ஐவிடச் சில நூறு கிலோமீற்றர் கூடுதலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: பயணச்சீட்டு முகவர் நிலையப் பணியாளர், கண்டி

ஆசிரியர் ஐயா தூரத்தைத் தெளிவாக விளக்கிவிட்டார். நேரத்தை நான் சொல்கிறேன். பயணச்சீட்டில் அச்சிடப்படும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரமாகும். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கிறது. டுபாய் நான்கு மணித்தியாலம் முன்னே. ரொறன்ரோ கோடைகாலத்தில் நான்கு மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்து மணித்தியாலமும் பின்னே நிற்கிறது. ஜூலையில் நமக்கும் ரொறன்ரோவுக்கும் இடையிலான வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம்.

ஒரே கடிகாரத்தில், அதாவது நம் இலங்கைக் கடிகாரத்தில், முழுப் பயணத்தையும் எழுதிப் பாருங்கள். இரவு 10.00 மணிக்குப் புறப்பாடு. டுபாயில் 1.10 என்றால் நமக்கு 2.40, ஆகவே முதற் பயணம் 4 மணித்தியாலம் 40 நிமிடம். டுபாயில் 3.30 என்றால் நமக்குக் காலை 5.00 மணி, காத்திருப்பு 2 மணித்தியாலம் 20 நிமிடம். ரொறன்ரோவில் காலை 9.30 ஆகும்போது நமக்கு மாலை 7.00 மணி ஆகிவிடும். இரண்டாம் பயணம் 14 மணித்தியாலம். கூட்டினால் 21 மணித்தியாலம். சீட்டில் அச்சிடப்பட்டிருப்பது இதுதான், அம்மாவின் உடல் உணரப்போவதும் இதுதான். பதினொன்றரை என்று நீங்கள் கண்டது இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே.

மணிக்கு 900 கிலோமீற்றர் என்பது விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். சீட்டிலுள்ள நேரமோ, விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து மறு நிலையத்தில் மீண்டும் நிறுத்தப்படும் வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் நிற்பது, மேலேறுவது, இறங்குமுன் வட்டமிடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். குறுகிய பயணத்தில் இவற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். டுபாய் வரையிலான பயணத்துக்கு வகுத்தால் மணிக்கு 705 கிலோமீற்றர்தான் வரும். நீண்ட பயணத்துக்கு 790.

திரும்பும் சீட்டிலும் இதே கணக்குத்தான். போகும்போது காணாமற்போன ஒன்பதரை மணித்தியாலம் வரும்போது கூடுதலாகத் தெரியும். அதனால்தான் முப்பது மணித்தியாலம் இருபது நிமிடம் என்று கண்ணுக்குப் படுகிறது. இதைச் சரிபார்க்க எளிய வழியொன்று உண்டு. போகும்போது கடிகாரம் காட்டும் வித்தியாசத்தையும் வரும்போது காட்டும் வித்தியாசத்தையும் கூட்டுங்கள். இரு தடவையும் நேர வலயம் ஒன்றையொன்று கழித்துவிடுவதால், அந்தக் கூட்டுத்தொகை இரு பயணங்களின் உண்மையான நேரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். எங்கள் நிலையத்துக்கு வரும் பெற்றோருக்கு இதைத் தாளில் எழுதிக் காட்டினால் உடனே தெளிவடைந்துவிடுகிறார்கள்.

பதில்: தாதிய உத்தியோகத்தர், நுவரெலியா

சகோதரரே, இன்சுலின் விடயத்தில் முதலில் அம்மாவின் கிளினிக்குக்கு பயணச்சீட்டின் பிரதியை எடுத்துச் செல்லுங்கள். மேற்கு நோக்கிய பயணத்தில் அவருடைய நாள் ஒன்பதரை மணித்தியாலம் நீள்கிறது. மேலேயுள்ள கணக்கின்படி, இலங்கை நேரம் காலை 7.00 மணி ஊசி, இரண்டாம் விமானம் கிளம்பி இரண்டு மணித்தியாலத்தில் வருகிறது. மாலை 7.00 மணி ஊசியோ சரியாக விமானம் ரொறன்ரோவில் தரைதொடும் வேளையில் வருகிறது. அங்கே அது காலை ஒன்பதரை. அந்த ஊசியை அப்போதே போடுவதா, அளவைக் குறைப்பதா, அந்த ஊரின் மாலை வரை எப்படிக் கொண்டுபோவது என்பதை அவருடைய மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். இங்கே யாரும் எழுதுவதை வைத்து மாற்றிவிட வேண்டாம். மருத்துவர் சொல்வதை நேரத்துடன் தமிழில் எழுதி, அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள். அவருடைய கைக்கடிகாரம் தங்கையின் வீட்டை அடையும் வரை இலங்கை நேரத்திலேயே இருக்கட்டும்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்து ஒப்படைக்கக் கூடாது. சரக்கறைக் குளிரில் அது உறைந்துவிடக்கூடும். மருத்துவரின் கடிதத்துடன் கைப்பையில் இருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கான உணவை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பதிந்துவிடலாம். இருந்தாலும் உணவுத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி என்பதை அம்மாவுக்கு அழுத்திச் சொல்லுங்கள். பரிமாறுவது தாமதமாகும் நேரங்களும் உண்டு. கைப்பையில் பிஸ்கட் ஒரு பொதியும், சீனி குறைந்தால் வாயில் போட இனிப்பும் இருக்கட்டும்.

மூச்சு முட்டுமோ என்று வயதானவர்கள் பலர் பயப்படுகிறார்கள். விமானம் 11,000 மீற்றர் உயரத்தில் பறந்தாலும் உள்ளேயிருக்கும் காற்றின் அழுத்தம் பெரும்பாலும் 1,800 முதல் 2,400 மீற்றர் வரை உயரமுள்ள இடத்தில் இருப்பதைப் போன்றது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த ஒருவருக்கு, இருதயத்திலோ நுரையீரலிலோ நோய் இல்லையென்றால், அந்தக் காற்று புதிதல்ல. வறட்சிதான் புதிது. தொண்டையும் உதடும் காய்ந்துவிடும் அளவுக்கு ஈரமற்ற காற்று அது. அடிக்கடி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே தவிர்த்துவிடும் தாய்மார்களை எனக்குத் தெரியும். நடைவழி ஓரத்து ஆசனத்தைக் கேட்டு வாங்கினால் அந்தக் கூச்சம் குறையும். பதினான்கு மணித்தியாலப் பயணத்தில் கால்களில் இரத்தம் கட்டாமலிருக்க, விழித்திருக்கும் நேரமெல்லாம் இடைக்கிடையே எழுந்து நடக்கவும் வேண்டும்.

டுபாயில் இறங்கி ஏறுவதற்குச் சக்கர நாற்காலி உதவியை இப்போதே பதிந்துவிடுங்கள். நடக்க இயலாதவர்களுக்கு மட்டுமான உதவி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மொழி தெரியாத பெரிய நிலையத்தில், சரியான வாசல் வரை கூட்டிச் செல்ல ஒருவர் வருவார் என்பதே பெரிய நிம்மதி.

பதில்: வான் (வாடகை வாகனம்) சாரதி, நோர்வூட்

தம்பி, 21 மணித்தியாலம் என்பது விமானத்தின் கணக்கு. அம்மாவுக்குப் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. டிக்கோயாவிலிருந்து ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை, ஹங்வெல்ல வந்து, கடுவலையில் வெளிச்சுற்றுவட்ட நெடுஞ்சாலையில் ஏறி, கெரவலப்பிட்டியில் கட்டுநாயக்க நெடுஞ்சாலைக்கு மாறுவதுதான் நான் போகும் வழி. பாதை திறந்திருக்கும் நாளில் நான்கரை முதல் ஐந்து மணித்தியாலம். அதாவது உங்கள் வீட்டிலிருந்து கட்டுநாயக்க போய்ச் சேரும் நேரத்தில் விமானம் கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்கே போய்விடும்.

ஜூலை தென்மேல் பருவக்காற்று மழைக்காலம். வட்டவளைக்கும் கித்துல்கலவுக்கும் இடையில் அந்த மாதங்களில் எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கே தெரியும். கினிகத்தேனை வளைவுகளில் மூடுபனி இறங்கிவிட்டால் லொறிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஒரு மரம் விழுந்தாலும், மண்மேடு சரிந்தாலும் இரண்டு மணித்தியாலம் கைவிட்டுப் போய்விடும். இரவு 10.00 மணி விமானத்துக்கு மாலை 7.00 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். ஆகவே நண்பகல் 12.00 மணிக்கு முன்பே வீட்டைவிட்டுப் புறப்படுங்கள். முதல் நாள் மாலையே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா, கேகாலை மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பாருங்கள். விடுத்திருந்தால் அன்றிரவே நீர்கொழும்புப் பக்கம் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிவிடுவது செலவானாலும் நல்லது. மலையகப் புகையிரதத்தை நம்பி விமானம் ஏறப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நண்பகலில் புறப்பட்டால், பியர்சனில் குடிவரவுச் சோதனை, பொதி எடுத்தல் எல்லாம் முடித்துத் தங்கையின் வீட்டுக்குப் போகும்போது, இலங்கை நேரப்படி மறுநாள் இரவு 9.30 ஆகிவிடும். முப்பத்து மூன்றரை மணித்தியாலம். அம்மாவிடம் இந்தக் கணக்கையே சொல்லுங்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்கவும் சொல்லுங்கள். நான் ஏற்றிப்போகும் வயதானவர்களில் பெரும்பாலானோர் பெட்டி கட்டி, சொந்தபந்தங்களை வழியனுப்பி, தூக்கமே இல்லாமல் வந்து என் வாகனத்தில் ஏறுகிறார்கள். வளைவுகளில் வாந்தி எடுத்து, கட்டுநாயக்க வாசலிலேயே களைத்துவிடுகிறார்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

சேர், அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கிளினிக்கில் அடுத்த தவணைக்கே சீட்டின் பிரதியைக் கொண்டுபோகிறேன். சக்கர நாற்காலியையும் ஓரத்து ஆசனத்தையும் இன்று பதிந்துவிட்டேன்.

கண்டி நண்பர் சொன்ன சரிபார்ப்பைச் செய்து பார்த்தேன். அதில் ஒரு மணித்தியாலம் இடிக்கிறது. போகும்போது கடிகார வித்தியாசம் 11.30, வரும்போது 30.20, கூட்டினால் 41 மணித்தியாலம் 50 நிமிடம். சீட்டில் மொத்தப் பயண நேரமாக அச்சிட்டிருப்பது போக 21 மணித்தியாலம், வர 19 மணித்தியாலம் 50 நிமிடம். கூட்டினால் 40 மணித்தியாலம் 50 நிமிடமே வருகிறது. திரும்பும் தேதி நவம்பர் நடுப்பகுதி. அந்த ஒரு மணித்தியாலம் எங்கே போனது? போவதைவிட வருவது ஏன் இவ்வளவு விரைவாக இருக்கிறது?

பதில்: பயணச்சீட்டு முகவர் நிலையப் பணியாளர், கண்டி

திரும்பும் தேதி நவம்பர் நடுப்பகுதி என்றதுமே விடை கிடைத்துவிட்டது. ரொறன்ரோவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, நவம்பர் மாதத்தின் முதலாவது ஞாயிறன்று பின்னே கொண்டுவருகிறார்கள். இலங்கையிலும் டுபாயிலும் அந்த மாற்றம் இல்லை. அம்மா போகும்போது நமக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், வரும்போது பத்தரை. நான் சொன்ன சரிபார்ப்பு இரண்டு தேதிகளும் ஒரே பருவத்துக்குள் இருக்கும்போதுதான் முழுமையாக ஒத்துவரும். உங்கள் சீட்டில் இடிக்கும் அந்த ஒரு மணித்தியாலம் இந்தக் கடிகார மாற்றமே. சீட்டில் தவறொன்றும் இல்லை.

திரும்பும் வழியை இலங்கை நேரத்தில் எழுதினால், ரொறன்ரோவில் பிற்பகல் 2.00 என்பது நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30. அங்கிருந்து இரவு 8.20 வரை 19 மணித்தியாலம் 50 நிமிடம். சீட்டில் டுபாய் வந்துசேரும் நேரம் முற்பகல் 11.40 என்று இருக்குமானால், முதற் பயணம் 12 மணித்தியாலம் 40 நிமிடம் என்பது பொருள். தங்கையிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு அம்மாவுடன் தொலைபேசியில் பேசும் நேரமும், அவர் அங்கே ஊசி போடும் நேரமும் நம் கணக்கில் ஒரு மணித்தியாலம் நகர்ந்துவிடும். விமான நிறுவனங்கள் குளிர்கால அட்டவணைக்கு மாறும்போது புறப்படும் நேரத்தையும் மாற்றுவதுண்டு. ஒக்டோபர் கடைசியில் சீட்டை ஒருமுறை மீண்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: புவியியல் ஆசிரியர், தலவாக்கலை

வேக வித்தியாசத்துக்குக் காற்றுத்தான் காரணம், தம்பி. வட அரைக்கோளத்தின் நடு அகலாங்குகளில், 9 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒடுங்கிய பாதைகளில் பலமான காற்று வீசுகிறது. சில இடங்களில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும். பூமத்திய ரேகைப் பக்கத்து வெப்பத்துக்கும் துருவத்துக் குளிருக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அந்தக் காற்றுக்கு விசை கொடுப்பதால், குளிர்காலத்தில் அது இன்னும் பலமாகும். மேற்கே போகும் விமானம் இந்தக் காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டும், அல்லது விலகிச் சுற்றிச் செல்ல வேண்டும். கிழக்கே வரும் விமானம் அதற்குள் புகுந்து அதன் வேகத்தையும் தன்னுடன் சேர்த்துக்கொள்ளும். அதே 11,080 கிலோமீற்றரை 12 மணித்தியாலம் 40 நிமிடத்துக்கு வகுத்தால் மணிக்கு 875 கிலோமீற்றர் வருவது இதனால்தான்.

நவம்பரில் காற்று சாதகமாக இருக்கும் நாளில் விமானம் குறித்த நேரத்துக்கு முன்பே டுபாயில் இறங்கிவிடலாம். அப்படி இறங்கினால் அம்மா பதற வேண்டியதில்லை. அடுத்த விமானம் தன் நேரத்துக்குத்தான் கிளம்பும்.